பிழையைப் பராமரிப்பவர்

தவறு செய்பவர்கள், தவறைத் திருத்துபவர்கள் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. தவறை அவர் செய்திருக்க மாட்டார். யாரோ, என்றோ, அவசரத்தில் செய்துவிட்டுப் போனது. அதைத் திருத்தவும் மாட்டார். துடைத்து வைப்பார், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவார், அதன் வரலாற்றைச் சொல்வார், அதில் இடித்துக்கொண்டவர்களுக்கு ஆறுதல் சொல்வார், யாராவது கைவைக்க வந்தால் குறுக்கே நிற்பார். அந்தத் தவறுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வார். இவர்தான் பிழை பராமரிப்பாளர்.

இவர் இல்லாத அலுவலகம் கிடையாது. ஐந்து படிவம் என்று பலகையில் எழுதியிருக்கும் இடத்தில் ஆறாவதாக ஒன்று வேண்டும் என்று அறிந்தவர் இவர்தான். எந்த லிஃப்ட் எந்த மாடியில் நிற்காது, எந்த அலமாரியை எந்தக் கோணத்தில் உதைத்தால் திறக்கும் என்பதெல்லாம் இவருக்குத்தான் தெரியும். ஆனால் இந்த இனம் நன்றாகக் கொழுத்து வளர்வது ஒரு பழைய கணினி மொழியின் நிழலில்தான்.

கணினி மொழி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இயந்திரத்திடம் வேலை சொல்வதற்கான மொழி, அவ்வளவுதான். நான் சொல்லப்போகும் மொழியை நாற்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டு பேர் மூன்று வாரத்தில் எழுதி முடித்தார்கள். அவர்களில் ஒருவர் இப்போது தேனீ வளர்க்கிறாராம். இன்னொருவரிடம் கேட்டால் அந்த மொழி தனக்குத் தெரியாது என்கிறாராம். மூன்று வாரத்தில் செய்தது மூன்று வாரத்தில் செய்ததைப் போலத்தானே இருக்கும்? அதில் ஆண்டின் முதல் மாதத்துக்கு எண் பூஜ்யம். மாதத்தின் முதல் நாளுக்கு எண் ஒன்று. எண்களை வரிசைப்படுத்தச் சொன்னால் ஒன்று, பத்து, இரண்டு என்று அடுக்கும்; பத்தும் ஒன்றில்தானே தொடங்குகிறது! "இல்லை" என்பதற்கு அதில் மூன்று சொற்கள். மூன்றும் சமமா என்று கேட்டால், கேட்கிற தோரணையைப் பொறுத்து ஆம் என்றும் சொல்லும், இல்லை என்றும் சொல்லும்.

இவற்றுக்கெல்லாம் மணிமுடி ஒன்று உண்டு. எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுவிட்டால் போதும், அந்த மொழி பத்துப் பத்தாக எண்ணுவதை விட்டுவிட்டு எட்டு எட்டாக எண்ண ஆரம்பித்துவிடும். 010 என்று எழுதியிருந்தால் எட்டு என்று படிக்கும். 012 என்றால் பத்து. சரி, அதையாவது ஒழுங்காகச் செய்கிறதா? எட்டுக் கணக்கில் எட்டு, ஒன்பது என்ற இலக்கங்களுக்கு இடமே இல்லை. ஆகவே 008ஐப் பார்த்ததும் கொஞ்சம் குழம்பி, பிறகு பெருந்தன்மையோடு, நம்மைப் போலவே எட்டு என்று படித்துவிடும். ஆக, 008ம் எட்டு, 010ம் எட்டு. இரண்டு பேருக்கு ஒரே நாற்காலி.

இந்த மொழியைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருக்கிறது; நானும் அதில் ஓர் உறுப்பினன். மூன்றாவது மாடியில் நீள மேசை, ஒரு மூலை மட்டும் பச்சையாகத் தெரியும் புரொஜெக்டர், திறக்க வராத ஒரு சன்னல். மேசையின் தலைப்பக்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் காரணம் சார் என்று அழைக்கிறார்கள். எதைப் பற்றிக் கேட்டாலும் அவருடைய முதல் வாக்கியம் ஒன்றுதான்.

"அதுக்கு ஒரு காரணம் இருக்கு."

அதோடு நிறுத்திக்கொள்வார். காரணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் என்ன காரணம் என்று கேட்பவர்கள் பண்பற்றவர்கள் என்பது போல ஒரு பார்வை. எட்டுக் கணக்கைப் பற்றி நான் ஒருமுறை விடாப்பிடியாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அந்தக் காலத்து மெஷின்ல முன்பக்கம் சின்னச் சின்ன விளக்கு இருக்கும். மூணு மூணா இருக்கும். மூணு விளக்குன்னா எட்டு விதமா எரியலாம். அதனாலதான் எட்டு."

"அந்த மெஷின் இப்ப எங்க சார் இருக்கு?"

"மியூசியத்துல."

"அதுல நம்ம மொழி ஓடுமா?"

"எப்படி ஓடும்? அது இந்த மொழிக்கு முந்தின காலம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி சங்கடம் கிடையாது. காரணம் என்பது ஒரு செயலுக்கு முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தொடர்பும் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

இந்த இனத்தின் இன்ப வேளை எது தெரியுமா? புதிதாக வந்தவர் குழியில் விழும் வேளை. வங்கியில் பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு எங்களிடம் சேர்ந்த ஒரு பெண்மணி, மூன்றாம் நாளே பூஜ்ய மாதத்தில் விழுந்தார். காலை பத்தரை மணிக்கு விழுந்தவர் மாலை மூன்றரை வரை தேடினார். திரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். காரணம் சார் நான்குமுறை அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போனார். ஐந்தாவது முறை நின்றார்.

"விழுந்துட்டீங்களா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"பத்தரைக்கே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டா மனசுல நிக்காதும்மா."

"மனசுல நிக்க வேண்டிய விஷயமா சார் இது?"

அவர் சிரித்தார். தன் வீட்டுக்கு முதல்முறை வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. எனக்கு அந்தச் சிரிப்பைப் பற்றி வெகுநாள் யோசனை. ஐந்து மணி நேரம் தேடி ஒரு தவறைக் கண்டுபிடித்தவர், அது வேண்டாத தவறு என்று ஒப்புக்கொண்டால் அந்த ஐந்து மணி நேரமும் வேண்டாத நேரம் ஆகிவிடும். வேண்டிய தவறு என்று சொல்லிவிட்டாலோ, அது கல்வி. காரணம் சாருக்கு இப்படி இருபத்திரண்டு ஆண்டுகள் சேர்ந்திருக்கின்றன. அவ்வளவையும் ஒருவர் எப்படி வீண் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்? பட்ட கஷ்டத்தைவிடப் பெரிய கஷ்டம், அது அநாவசியம் என்று தெரிந்துகொள்வது.

வீட்டில் வேறு மாதிரி இருப்பாரோ என்று நினைப்பீர்கள். இருக்க மாட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சுற்ற வேண்டும் என்றால் முதலில் குளியலறை விளக்கைப் போட வேண்டும். வீடு கட்டியவர் கம்பியை எங்கோ மாற்றி இழுத்துவிட்டார். பதினெட்டு ஆண்டுகளாகக் குளியலறை விளக்கு பகலெல்லாம் எரிகிறது. ஒருநாள் அவர் மனைவி பொறுமை இழந்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"தொடாதீங்க," என்றார் காரணம் சார். "எல்லாரும் இதுக்குப் பழகிட்டாங்க."

"எல்லாரும்னா யாருங்க?" என்றார் மனைவி. "நீங்களும் நானும்தானே?"

"வர்றவங்க போறவங்க?"

"வர்றவங்க வேர்த்துக் கொட்டிட்டு உட்கார்ந்திருக்காங்க. கேக்கறதுக்குக் கூச்சம். நீங்க எழுந்துபோய்ப் பாத்ரூம் லைட்டைப் போட்டுட்டு, ஃபேனைப் போட்டுட்டு, வந்து ஒரு பாடம் நடத்தறீங்க பாருங்க, அதுக்கு வேர்வையே தேவலைன்னு இருக்கு அவங்களுக்கு."

"அண்ணே, அஞ்சு நிமிஷ வேலை," என்றார் எலக்ட்ரீஷியன்.

"பதினெட்டு வருஷத்தை அஞ்சு நிமிஷத்துல மாத்திடுவியா?"

எலக்ட்ரீஷியன் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காரணம் சார் மனைவி என்னைப் பார்த்து, "இவரைக் கட்டிக்கிட்டதுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும், மறந்துபோச்சு," என்றார்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். பாராட்டுவதற்கு நான் அவசரப்படுகிறவன் அல்ல. ஆனாலும் காரணம் சார் குழுவுக்குக் கொடுத்த ஒரு விதி, கேட்கும்போது மனத்தைத் தொடத்தான் செய்யும். அதற்கு 'ஒருவர்கூட' விதி என்று பெயர். உலகில் இந்த மொழியில் எழுதப்பட்ட நிரல்களை, அதாவது இயந்திரத்துக்கான கட்டளைத் தொகுப்புகளை, எங்களுக்குக் கிடைத்தவரை ஒரு களஞ்சியமாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். மொழியில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால், எல்லா நிரல்களையும் பழைய முறையில் ஒருமுறை, புதிய முறையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நிரல் வேறு விடை சொன்னால்கூட மாற்றம் கூடாது. பலருடைய வசதிக்காக ஒருவரைப் பலிகொடுப்பதா? "எங்கேயோ ஒருத்தர் இதை நம்பி இருக்கார்," என்பார் காரணம் சார், குரல் தழுதழுக்க. எட்டுக் கணக்கை நீக்க வேண்டும் என்று பதினோரு ஆண்டுகளில் ஐந்துமுறை யாராவது கேட்டிருக்கிறார்கள். ஐந்துமுறையும் ஓட்டிப் பார்த்தோம். ஐந்துமுறையும் வந்த அறிக்கை ஒன்றுதான்: மாறுபட்ட நிரல்கள், ஒன்று.

எங்கேயோ ஒருத்தர். அவரை நினைத்து நாங்கள் தலைகுனிந்து, மாற்றத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போவோம். அவர் யார் என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆறாவது முறை கேட்க வந்தவர் தபாலில் கேட்கவில்லை, நேரில் வந்தார். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், அதாவது லேப்பில், பொறுப்பாளராக இருக்கும் அம்மா. ஐம்பது வயதிருக்கும். மூன்று மாடியும் படியேறி வந்து, வலது முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தார். எங்கள் குழுவுக்கு இப்போது செயலாளர் யாரென்றால், அன்று பூஜ்ய மாதத்தில் விழுந்த அதே வங்கிப் பெண்மணி. அவர்தான் வரவழைத்திருந்தார்.

"எங்க மெஷின்ல ஒரு ட்ரே இருக்கு," என்று ஆரம்பித்தார் லேப் அம்மா. "ஸ்டீல் ட்ரே. எண்பது ஓட்டை. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் பொறிச்சிருக்கு, 001ல இருந்து 080 வரைக்கும். ரத்தக் குழாயை அதுல சொருகினா மெஷினே நம்பரைப் படிச்சு ரிசல்ட்டை அடிச்சுக் குடுத்துடும். படிக்கிறது உங்க மொழி. எண்பதுல ஐம்பத்தாறு நம்பரைத் தப்பாப் படிக்குது."

மெஷின் வந்த முதல் வாரத்திலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். பத்தாவது ஓட்டையில் இருந்த பஸ் டிரைவருக்குப் பன்னிரண்டாவது ஆளின் முடிவு வந்தது. உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்று அதில் இருந்தது. மூன்று மாடி மூச்சுவாங்காமல் ஏறி வந்த மனிதர்! சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பன்னிரண்டாவது பெண்ணுக்கு எல்லாம் பிரமாதம் என்று வந்திருந்தது. இரண்டு பேரையும் கண்ணால் பார்த்ததால் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து நான்கு ஆண்டுகளாக, தினமும் காலை ஏழு மணிக்கு, கையால் எழுதிய ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஐம்பத்தாறு முடிவுகளையும் ஒவ்வொன்றாக மாற்றி எழுதுகிறார். எட்டில் இரண்டு வந்தால் மேலே இருப்பது எட்டு, கீழே இருப்பது பத்து. பத்தில் வருவது பன்னிரண்டு. பதினெட்டில் இரண்டு வந்தால் கீழே இருப்பது இருபத்திரண்டு.

"புரோகிராமைத் திருத்தலாமே?" என்றார் காரணம் சார்.

"பூட்டிக் குடுத்தாங்க. குடுத்த கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. உங்க மொழி மட்டும்தான் புதுசு வரும்போது தானா ஏறிக்குது."

"ட்ரேயில முதல் ஏழு ஓட்டையை மட்டும் பயன்படுத்துங்க. ஏழு வரைக்கும் தப்பு வராது."

"எண்பது பேருக்கு ஏழு ஏழாப் போட்டா பன்னெண்டு தடவை ஓட்டணும். ஒரு ஓட்டத்துக்கு நாப்பது நிமிஷம். எட்டு மணி நேரம் சார். ஜனங்க சாப்பிடாம வந்து உட்கார்ந்திருப்பாங்க."

காரணம் சார் வேதனையோடு தலையசைத்தார். அவருக்கு இரக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள். நிறைய உண்டு, ஆனால் எங்கேயோ இருக்கும் ஒருவருக்காக அதை ஏற்கெனவே ஒதுக்கிவைத்துவிட்டார். எங்கேயோ இருப்பவர் மேல் இரக்கப்படுவது சுலபம். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

"இத்தனை நாளா நான் பார்த்துக்கிட்டேன்," என்றார் லேப் அம்மா. "அடுத்த மாசம் எனக்கு முட்டி ஆபரேஷன். ஆறு வாரம் வர முடியாது. ஷிஃப்ட்டுக்கு ஒரு ஆள் வரும், போகும். யாராவது ஒருத்தர் ரிசல்ட் இன்னொருத்தருக்குப் போயிடும். அது நடக்கக் கூடாது. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"எங்களுக்கு ஒரு விதி இருக்கும்மா. எங்கேயோ ஒருத்தர்…"

"யாரு சார் அவரு?" என்றார் செயலாளர்.

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பது எங்கள் குழுவில் நாற்காலி மேல் ஏறி நிற்பதற்குச் சமம். செயலாளர் காத்திருக்கவில்லை. களஞ்சியத்தைத் திறந்தார், அறிக்கையில் இருந்த எண்ணைத் தட்டினார், அந்த ஒற்றை நிரலைப் பச்சை மூலையோடு திரையில் போட்டார்.

ஒன்பது வரி. தலைப்பு இருந்தது: "இப்படி எழுதாதீர்கள். எடுத்துக்காட்டு மூன்று." எழுதியவர் பெயரும் இருந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்புக்காகக் காரணம் சார் எழுதியது.

எட்டுக் கணக்கை நம்பி உலகத்தில் ஒரே ஒரு நிரல் வாழ்ந்துகொண்டிருந்தது. எட்டுக் கணக்கை நம்பாதே என்று சொல்லும் நிரல்.

செயலாளர் காரணம் சார் பக்கம் திரும்பினார். மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கு ஆட்சேபம் இருக்கா சார்?"

"குழு உறுப்பினர்ங்கிற முறையில எனக்கு ஆட்சேபம் இல்லை," என்றார் காரணம் சார். "ஆனா அந்த நிரலை எழுதினவர்ங்கிற முறையில, அவருக்கு முறைப்படி எழுதித் தெரிவிக்கணும். பதில் சொல்லத் தொண்ணூறு நாள் அவகாசம் தரணும். விதியில இருக்கு."

"அவர்னா நீங்கதானே சார்!"

"எனக்காக விதியை வளைக்கக் கூடாது பாருங்க."

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சொன்னவர் நேர்மையாகச் சொன்னார். தன்னை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி இன்னொரு பாதிக்குக் கடிதம் எழுதக் காத்திருக்கும் ஒரு மனிதரின் நேர்மையை எப்படிக் குறை சொல்வது? தொண்ணூறு நாள் கழித்து அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம், புதிய பதிப்பு வெளிவர அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டோம். நானும் கை தூக்கினேன்.

லேப் அம்மா எழுந்தார். பையிலிருந்து தன் பட்டியலை எடுத்துக் காரணம் சார் முன்னால் வைத்தார்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்த ஆறு வாரமும் தினம் காலைல ஏழு மணிக்கு நீங்களே வந்து நின்னு மாத்தி எழுதுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் மனப்பாடமாச்சே."

அது கோபத்தில் சொன்னது. வெட்கப்பட்டாவது இறங்கி வருவார் என்று சொன்னது. எங்களில் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் குரல் தாழ்ந்து, "சரி, இன்னைக்கே மாத்திடலாம்" என்றிருப்போம். காரணம் சார் பட்டியலைக் கையில் எடுத்தார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"வர்றேன்," என்றார்.

வந்தார். இதை நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஆறு வாரம், ஒருநாள் தவறாமல், ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றார். காய்ச்சலோடு ஒருநாள், மழையில் இரண்டு நாள். ஒருவருடைய முடிவும் இன்னொருவருக்குப் போகவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் முதல்முறையாக ஒரு பயனுள்ள வேலை செய்தார் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் பொறுங்கள்.

மூன்றாவது வாரத்தில் லேப் அம்மாவின் கையெழுத்துப் பட்டியல் போதாது என்று அவருக்குப் பட்டது. புதிதாக ஒன்று தயாரித்தார். இரண்டு முடிவு வரும் எண் சிவப்பு, ஒன்று வருவது நீலம், எதுவும் வராதது சாம்பல். பெரிதாக அச்சடித்து, லேமினேட் செய்து மாட்டினார். ஷிஃப்ட்டுக்கு வரும் ஆறு பேருக்கும் மாலையில் வகுப்பு எடுத்தார். தேர்வும் வைத்தார். நான்காவது வாரத்தில், அதே மெஷின் வேறு பதினோரு மருத்துவமனைகளில் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். அங்கெல்லாம் பூஜ்யம் இல்லாத பழைய ட்ரேயை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். ட்ரே தேய்ந்துபோய் இப்போதுதான் புதியதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள். காரணம் சார் சும்மா இருப்பாரா? பதினோரு இடத்துக்கும் லேமினேட் பிரதி போயிற்று. இரண்டு இடத்துக்கு அவரே போனார்.

அவர் மனைவியிடம் போனில் பேசினேன். "கல்யாணமான புதுசுல இப்படி இருந்தார்," என்றார். "காலைல எழுந்து பாட்டெல்லாம் வருது. அந்த ஆஸ்பத்திரிக்காரங்க வெச்சுக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க."

தொண்ணூறு நாள் முடிந்தது. கூட்டம் கூடியது. பாதிக்கப்பட்ட நிரலாசிரியரிடமிருந்து எழுத்துமூலம் பதில் வந்திருந்தது, உறை ஒட்டி, கையெழுத்தோடு. அதைப் பாதிக்கப்பட்டவரே படித்தார். பொதுநலன் கருதி எடுத்துக்காட்டு மூன்றை விட்டுக்கொடுப்பதாகவும், தன்னைப் பற்றிக் குழு கவலைப்பட வேண்டாம் என்றும் இருந்தது. நாங்கள் கை தட்டினோம். செயலாளர் அந்த நிரலைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டு ஏற்கெனவே ஓட்டிப் பார்த்திருந்தார். பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக அறிக்கையில் பூஜ்யம் என்று வந்திருந்தது.

"அப்ப எட்டுக் கணக்கை எடுத்துடலாம்," என்றார் செயலாளர். "ஆட்சேபம் உள்ளவங்க?"

காரணம் சார் தொண்டையைக் கனைத்தார்.

"என் நிரல் போகட்டும். ஆனா இப்ப வேற சிலர் இதை நம்பி இருக்காங்க."

"யாரு சார்?" என்றார் செயலாளர். "இந்தத் தடவையும் எங்கேயோ ஒருத்தரா?"

"இல்லம்மா. பன்னெண்டு ஆஸ்பத்திரி."

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டோம். பன்னிரண்டு சுவர்களில் பன்னிரண்டு பட்டியல்கள். எத்தனையோ ஆட்கள், தேர்வு எழுதித் தேறியவர்கள், பத்தில் வந்ததைப் பன்னிரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றி எழுதுகிறவர்கள். நாளைக்கு மொழி திருந்தி, பத்தைப் பத்து என்றே மெஷின் படிக்க ஆரம்பித்தால், சரியாக வந்த ஐம்பத்தாறு முடிவுகளையும் அவர்கள் சிரத்தையாகத் தவறாக்கிவிடுவார்கள். எந்த மெஷினில் எந்த நாள் எந்த நேரத்தில் புதிய பதிப்பு ஏறும் என்று யாருக்கும் தெரியாது; அது தானாக ஏறிக்கொள்வது. பட்டியலை ஒருநாள் முன்னால் எடுத்தாலும் தவறு, ஒருநாள் பின்னால் எடுத்தாலும் தவறு.

பதினோரு ஆண்டுகளாகப் பொய்யாக இருந்த ஆட்சேபம், காரணம் சாரின் சொந்த உழைப்பால், உண்மையாகிவிட்டது.

எல்லோரும் லேப் அம்மாவைப் பார்த்தோம். அவரும் வந்திருந்தார், கைத்தடியோடு, சுவரோர நாற்காலியில். எட்டுக் கணக்கு போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். செயலாளர் அவரிடம் போய்க் குனிந்து கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எடுத்துடட்டுமா?"

லேப் அம்மா தடியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் ஒன்று, இரண்டு என்று எதையோ எண்ணின. ஷிஃப்ட் ஆட்களாக இருக்கலாம்.

"ஒருத்தர் ரிசல்ட் இன்னொருத்தருக்குப் போகக் கூடாதுன்னுதானே நான் வந்தேன்," என்றார்.

"ஆமாம்மா."

"அப்ப மாத்தாதீங்க."

காரணம் சார் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். அவர் முகத்தில் வெற்றி இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தீயவரை நாம் அடையாளம் கண்டுகொள்ளலாம். நல்லெண்ணத்தோடு காலை ஏழு மணிக்கு வந்து நிற்கிறவரை என்ன செய்வது? இந்தப் பதிப்பை விட்டால் அடுத்தது மூன்று ஆண்டு கழித்துத்தான் வருகிறது. அதுவரை எட்டுக் கணக்கு பத்திரமாக இருக்கும். குழு அவருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டது. செயலாளர் மட்டும் அதில் கையெழுத்துப் போடாமல், திறக்க வராத சன்னலைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு, நல்லவேளை, நமக்குக் கணினியும் தெரியாது, மொழியும் தெரியாது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள், இல்லையா? ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடுகிறேன். உங்கள் குடும்பத்தில் ஒரு பெரியவர் இருப்பார். வாய்க்கு வந்ததைச் சொல்வார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், பிறகு ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்காருவார். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளோ மருமகனோ அதைப் பார்த்து அதிர்ந்து நின்ற அன்று, நீங்கள் அவர்களைத் தனியே அழைத்துப்போனீர்கள். எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, எந்த நேரத்தில் எதிரே நிற்கக் கூடாது, கதவை எவ்வளவு ஓசையோடு சாத்தினால் அது அடங்கிவிட்ட கோபம், எவ்வளவு ஓசை என்றால் இன்னும் அடங்காத கோபம் என்றெல்லாம் விவரமாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். "அவர் அப்படித்தான், போகப் போகப் பழகிடும்," என்றீர்கள். அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சொல்லிக்கொடுக்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததா?